விட்டுப் போன எண்பது பேர்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், ஆஸ்பத்திரியில் போன் பேசுகிற வேலை என்று சொல்லி அவள் நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் கிளறினால்தான் வம்பு. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய நானூறு ஆண்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனில் பிடித்து, ராத்திரியில் எத்தனை தடவை எழுந்து ஒண்ணுக்குப் போகிறீர்கள் என்று விசாரிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அது ஏழாவது கேள்வி. அதற்கு முன்னால் ஆறு இருக்கின்றன. அடக்க முடிகிறதா, விட்டு விட்டு வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, போய்விட்டு வந்த பிறகும் பாக்கி இருப்பதுபோல் தோன்றுகிறதா என்று ஒன்றைவிட ஒன்று சங்கடமானவை. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். கூட்டுத்தொகை ஏறினால் தொல்லை ஏறுகிறது என்று அர்த்தம்.

அதற்கு முன்பு பதினாறு வருஷம் ஒரு டாக்சி கம்பெனியில் வண்டிகளை அனுப்பும் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். டிரைவர்கள் அவளைக் கன்ட்ரோல் அக்கா என்றே கூப்பிடுவார்கள். எந்தத் தெருவுக்கு எந்தச் சந்து வழியாகப் போனால் சீக்கிரம், எந்தப் பாலத்தில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எல்லாரும் செல்போனிலேயே வண்டி பிடிக்க ஆரம்பித்ததும் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். நாற்பத்தைந்து வயதில் வேலை தேடி அலைந்தபோது கிடைத்ததுதான் இந்த ஆய்வு வேலை.

முதல் நாள் முதல் ஆளிடம் அந்த வார்த்தையே அவள் வாயில் வரவில்லை. நேரத்துக்குப் போகிறீர்களா, வெளியே போகிறீர்களா என்று சுற்றி வளைத்தாள். மறுமுனையில் இருந்தவர், தான் வெளியே போவதே இல்லையென்றும் வீட்டிலேயே பேப்பர் படிப்பதாகவும் சொன்னார். ஒரு மாதத்தில் கூச்சமெல்லாம் பறந்துவிட்டது. நானூறு பேரும் அவளுக்கு ஏழு கேள்வி அம்மா என்று பெயர் வைத்து, மனைவியிடம்கூடச் சொல்லாததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

விஷயம் இதுதான். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சின்னச் சுரப்பி உண்டு. வயதாக ஆக அது பருத்து, சிறுநீர் போகிற குழாயை நெருக்கும். ஒரு கம்பெனி பல வைட்டமின்களைக் கலந்து மாத்திரை செய்து, அதைத் தின்றால் தொல்லை குறையும் என்று கடையில் விற்றுக்கொண்டிருந்தது. குறையுமா குறையாதா என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு. இருநூறு பேருக்கு வைட்டமின் மாத்திரை, இருநூறு பேருக்கு அதே நிறத்தில், அதே உருவத்தில் மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது தின்கிறவருக்கும் தெரியாது, கேள்வி கேட்கிற அவளுக்கும் தெரியாது. அந்தப் பட்டியல், எண்களைப் பார்த்துக்கொள்ளும் புள்ளிவிவரக்காரரிடம் பூட்டியிருந்தது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. கேள்வித்தாளின் அடியில் ‘பிற குறிப்புகள்’ என்று இரண்டு விரல்கடை அகலத்துக்கு ஓர் இடம் விட்டிருந்தார்கள். அங்கே அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே பொடி எழுத்தில் எழுதிவைப்பாள். அந்த இடத்தைக் கம்ப்யூட்டரில் யாரும் ஏற்றவில்லை. ஒருவர் ஆய்வை விட்டுப் போனால் ‘வெளியேறினார்’ என்ற கட்டத்தில் ஒரு டிக்; அத்தோடு அவர் கதை முடிந்தது. தாள்கள் மட்டும் இரும்பு அலமாரிக்குள் போய் உட்கார்ந்தன.

நான்கு வருஷம் முடிந்து பட்டியலைத் திறந்த அன்று ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியே அமளிப்பட்டது. வைட்டமின் தின்றவர்களுக்கு மதிப்பெண் ஆறு குறைந்திருந்தது. வெற்று மாத்திரை தின்றவர்களுக்கு மூன்றுதான். ஆய்வை நடத்திய பெரிய டாக்டர் தன் அறையிலிருந்து வெளியே ஓடிவந்து, காவலாளி உட்பட கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். இருபது வருஷமாக இதே தொல்லையோடு வருகிறவர்களைப் பார்த்துவந்தவர் அவர்; பக்கவிளைவு அதிகமில்லாத ஒரு சுலபமான வழி கிடைத்துவிட்டதே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. வைட்டமின் கம்பெனி மேலாளர் அன்று மதியமே வந்து, இரண்டு வாரத்தில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அறிவித்துவிடலாம் என்று தேதி குறித்தார்.

அவளுக்கும் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு வருஷமாகவே ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகிறவர், அதைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் காது கேட்காததுபோல் இருந்துவிடுவார். அன்று நன்றாகவே கேட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மூன்று புட்டி வைட்டமினோடு வந்தார்.

மறுநாள் காலையில் மேலாளருக்காக அறிக்கையை இருபது நகல் எடுக்கச் சொல்லி அவளிடம் கொடுத்தார்கள். நகல் இயந்திரம் மெதுவாகத்தான் ஓடும். சும்மா நிற்பானேன் என்று படித்துக்கொண்டிருந்தவள், நாலாம் பக்கத்து அட்டவணையில் நின்றுவிட்டாள். தொடக்கத்தில் இந்தப் பக்கம் இருநூறு, அந்தப் பக்கம் இருநூறு. முடிவில் வைட்டமின் பக்கம் நூற்று நாற்பத்தொன்று, வெற்று மாத்திரை பக்கம் நூற்று எழுபத்தொன்பது.

எண்பது பேர் விட்டுப் போனது அவளுக்குத் தெரிந்ததுதான். அவர்களோடு கடைசியாகப் பேசியதே அவள்தானே. ஆனால் ஒரு பக்கம் ஐம்பத்தொன்பது பேர், இன்னொரு பக்கம் இருபத்தோரு பேர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நகல் ஓடி முடிந்து இயந்திரம் பீப் பீப் என்று கத்தியதுகூட அவள் காதில் விழவில்லை.

அலமாரியைத் திறந்து விட்டுப் போனவர்களின் தாள்களைத் தரையில் பரப்பிவைத்து உட்கார்ந்தாள். தன் பொடி எழுத்தையே கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். ‘ஒரு பிரயோஜனமும் இல்லை, வயிறுதான் எரியுது.’ ‘ஏப்பத்துல மருந்து வாடை, வீட்டுக்காரி பக்கத்துல வரமாட்டேங்கிறா, குணமும் காணோம்.’ ‘முன்னைவிட அதிகமாத்தான் எழுந்திருக்கிறேன், எனக்கு எதுக்கு இது?’ எண்பதில் நாற்பத்தாறு பேர் இந்த மாதிரிதான் சொல்லியிருந்தார்கள். குணம் தெரிந்தவர் வயிற்றெரிச்சலைப் பொறுத்துக்கொண்டு தின்றிருப்பார். தெரியாதவர் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருப்பார். போனவரை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அப்படியானால் அந்த ஆறு மதிப்பெண் யாருடைய ஆறு?

தான் பத்தாம் வகுப்பு, அவர்களோ பெரிய படிப்புப் படித்தவர்கள். தனக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று பத்து நிமிஷம் தாள்களை எடுத்துவைப்பதும் மறுபடி பரப்புவதுமாக இருந்தாள். பிறகு அத்தனையையும் மார்போடு அணைத்துக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனாள்.

அவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார், சிரித்தார். மாத்திரையையே நிறுத்திவிட்டுப் போனவர்களை வைத்து மாத்திரை வேலை செய்கிறதா என்று எப்படிச் சொல்ல முடியும் என்று விளக்கினார். அதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

“டாக்டர், எங்க தெருவுல ஒரு டியூஷன் சென்டர் இருக்கு. சரியா படிக்காத பசங்களைப் பரீட்சைக்கு முன்னாடியே நிறுத்திடுவாங்க. அப்புறம் எங்க பசங்க எல்லாரும் பாஸ்னு வாசல்ல பெரிசா எழுதிப் போடுவாங்க. நாமளும் இப்ப அதைத்தானே பண்றோம்?”

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். முதல் தாளை எடுத்துப் படித்தார். இரண்டாவது, மூன்றாவது. பதினைந்தாவது தாளில் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, புள்ளிவிவரக்காரரைக் கூப்பிட்டார்.

புள்ளிவிவரக்காரர் ஒல்லியான, எப்போதும் தொண்டையைச் செருமிக்கொண்டே பேசுகிற ஆள். அவர் தாள்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, யார் எந்த மாத்திரை தின்றார்கள் என்ற பட்டியலை அவள் பார்த்துவிட்டாளா என்பதுதான். பார்க்கவில்லை, எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்தேன் என்றாள். “ரொம்ப நல்லதாப் போச்சு. தயவுசெஞ்சு பார்த்துடாதீங்கம்மா,” என்றார் அவர். விட்டுப் போன எண்பது பேரையும் தேடிப்பிடித்து, இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று அதே ஏழு கேள்வியைக் கேட்க வேண்டும். ஆரம்பத்தில் யாரை எந்தப் பக்கம் போட்டோமோ அந்தப் பக்கத்திலேயே வைத்து நானூறு பேருக்கும் கணக்குப் போட வேண்டும். கேட்கிறவளுக்கு யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருந்தால்தான் அது நேர்மையான கணக்கு. இந்த யோசனை தனக்கே முதலில் வந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு தடவை செருமினார்.

அறிவிப்புக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. தேதியைத் தள்ளிவைக்க மேலாளர் மசியவில்லை.

முதல் நாளிலேயே முப்பத்தோரு பேரைப் பிடித்துவிட்டாள். இரண்டாம் நாள் ஒன்பது பேர். மூன்றாம் நாள் அவள் அழைத்த எண்களெல்லாம் உபயோகத்தில் இல்லை என்று பதில் வந்தது. போன் மாறிவிட்டது, வீடு மாறிவிட்டது, சிலர் மகன் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். கையில் இருந்ததெல்லாம் பழைய விலாசங்கள். மதியம் சாப்பிடாமல் அந்த விலாசங்களையே வெறித்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று பொறி தட்டியது. தெருக்கள். இந்தத் தெருக்கள் அத்தனையும் அவளுக்குத் தெரியுமே. தெருவில் ஓடுகிறவர்களையும் தெரியுமே.

பழைய டிரைவர் ஒருவரின் நம்பர் இருந்தது. சந்தைக்குக் காய்கறி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவர், குரலைக் கேட்டதுமே ஸ்டியரிங்குக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

“கன்ட்ரோல் அக்காவா? சொல்லுங்கக்கா, எங்க போகணும்?”

அவர் மூலம் இன்னொருவர், அவர் மூலம் மூன்று பேர் என்று சாயங்காலத்துக்குள் பதினொரு டிரைவர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் பள்ளி வேன், ஒருவர் ஆம்புலன்ஸ், இரண்டு பேர் கூரியர் வண்டி. ஆய்வைப் பற்றி அவர்களிடம் அவள் மூச்சுவிடவில்லை. இந்த விலாசத்தில் இருந்தவர் இப்போது எங்கே என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, இந்த நம்பருக்குப் பேசச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் குரலில் பழைய மைக் அதிகாரம் வந்தது. பாலத்துக்கு வலது பக்கம், மாவு மில்லுக்குப் பின்னால் மூன்றாவது வீடு, நாய் இருக்கும் பார்த்துப் போ என்று அவள் வழி சொல்லச் சொல்ல, பக்கத்து அறை நர்சுகள் வேலையை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. ஒருவர் மகளின் கோழிப்பண்ணையிலிருந்து பேசினார்; பாதி பதில் கோழிகளின் சத்தத்தில் போய், எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. ஒருவர் வீட்டில் மனைவி போனை எடுத்து, அவரைக் கேட்டால் பொய் சொல்வார், என்னைக் கேளுங்கள் என்று ஏழு கேள்விக்கும் தானே பதில் சொல்லத் தயாரானார். அந்த அம்மாவைச் சமாளித்து அவரிடம் போனைக் கொடுக்கவைப்பதற்குள் இவளுக்கு வேர்த்துவிட்டது. ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் பிடிகொடுக்கவே இல்லை.

“நான்தான் அப்பவே விட்டுட்டேனேம்மா. விட்டவன்கிட்ட உனக்கு என்ன வேணும்?”

“நீங்க விட்டதுதான் சார் எனக்கு வேணும். இருந்தவங்க சொன்னதெல்லாம் எழுதிட்டோம். நீங்க சொன்னதை யாருமே எழுதலை.”

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போடுகிற ஓசை கேட்டது. அரைமணி நேரம் பேசினார்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு சோதனை. மாத்திரை ஆரம்பித்து ஐந்தே நாளில் வீட்டுக்காரர் முகம் தெளிந்துவிட்டது. ஒரே தடவைதான் எழுந்தேன் என்று காலையில் பல் துலக்கிக்கொண்டே பெருமையடித்தார். அவர் சொன்னது உண்மைதான், அவளுக்கும் தெரியும். அன்று பஸ்ஸில் போகும்போது மண்டையைக் குடைந்தது. தான்தான் தப்போ? நல்ல மருந்தை வீண் பிடிவாதத்தால் கெடுக்கிறோமோ? டாக்டரின் சந்தோஷத்தைப் பறித்து, நானூறு பேருக்குக் கிடைக்கவேண்டியதைத் தடுத்து, கடைசியில் முகத்தில் கரி பூசிக்கொள்ளப்போகிறோமோ?

போன் வேலையில் நாலைந்து நாளாக இருட்டிய பிறகே வீடு திரும்பியவள், அன்று சாயங்காலம் சீக்கிரம் வந்து அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்றார். ஆறு மணிக்கு மேல் டீயோ தண்ணீரோ குடிக்காமல் இருந்தால் மாத்திரை உடம்பில் நன்றாகப் பிடிக்கும் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருக்கிறாராம். ஐந்து நாளாக அப்படித்தானாம். அவள் டீக்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள், உட்கார்ந்து சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“சாயங்காலத்துல இருந்து சொட்டுத் தண்ணி குடிக்கலைன்னா, அப்புறம் எதுக்குங்க எழுந்திருக்கப் போறீங்க?” என்றாள்.

அவர் புட்டியைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். டீயை வாங்கிக் குடித்துவிட்டார். மறுநாள் காலையில் பல் துலக்கும்போது அவர் வாயைத் திறக்கவில்லை.

பதினோராம் நாள் மதியம் தேடல் முடிந்தது. எண்பதில் மூன்று பேர் வேறு நோய்களில் காலமாகியிருந்தார்கள். இரண்டு பேர் பேச மறுத்தார்கள். ஒருவர் கிடைக்கவே இல்லை. மீதி எழுபத்து நான்கு பேரின் தாள்களையும் அவள் அடுக்கி, ஓரம் தட்டி, புள்ளிவிவரக்காரர் கையில் கொடுத்தாள். மற்ற ஆறு பேருக்கும் அவர்கள் கடைசியாகச் சொன்ன மதிப்பெண்ணையே அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை டாக்டரின் அறையில் நாலு பேர்: டாக்டர், மேலாளர், புள்ளிவிவரக்காரர், கதவோரம் அவள். புள்ளிவிவரக்காரர் எண்களை ஏற்றி முடித்துவிட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்றார். பொத்தானை அழுத்தியதும் அவர் வழக்கம்போல் செருமவில்லை. திரையை அப்படியே டாக்டர் பக்கம் திருப்பினார்.

வைட்டமின் பக்கம் மதிப்பெண் குறைந்தது மூன்று புள்ளி நான்கு. வெற்று மாத்திரை பக்கம் மூன்று புள்ளி இரண்டு. காசைச் சுண்டிப் போட்டால்கூட வரக்கூடிய வித்தியாசம்தான் இது என்றார் புள்ளிவிவரக்காரர். மாத்திரையை நம்பித் தின்றவர்கள் இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் தேறியிருந்தார்கள். அதற்கு வைட்டமின் தேவைப்படவில்லை.

மேலாளர் விடவில்லை. தொடர்ந்து தின்றவர்களுக்குப் பலன் தெரிகிறது என்று எழுதலாமே, அது பொய்யில்லையே என்று வாதாடினார். டாக்டர் தாள்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பொய் இல்ல சார்,” என்றார். “ஆனா அதைப் படிச்சுட்டு ஒருத்தர் கடைக்குப் போய் மாத்திரை வாங்குவார் பாருங்க, அவர்கிட்ட நாம மறைச்சது அந்த ஐம்பத்தொன்பது பேரை. நானூறு பேரையும் வெச்சுத்தான் எழுதப்போறேன்.”

மேலாளர் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வாசலில் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் வழிவிட்டு நின்றாள்.

படியிறங்கும்போது அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள்; அந்த வயதில், அந்தச் செருப்பில். கீழே வெயிலில் நின்ற பிறகுதான் மனசு ஒரு மூலையில் சுருக்கென்றது. ஜெயித்தது அவள் என்றால், தோற்றது யார்? தூக்கமில்லாமல் தவிக்கிற இத்தனை பேருக்கும் ஒரு வைட்டமின் போதும் என்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அப்படி இல்லை என்பதற்காக இப்படிச் சந்தோஷப்படலாமா? கொஞ்ச நேரம் யோசித்தாள். இல்லாததை இருக்கிறது என்று சொல்லி அவர்களிடம் விற்பது நின்றதே, அதற்குச் சந்தோஷப்படலாம் என்று தோன்றியது. பதினொரு டிரைவர்களுக்கும் அங்கேயே நின்று ஒவ்வொருவராகப் போன் போட்டாள்.

முடிவை எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், அடுத்த இரண்டு வாரம் அதே வேலை. கல்யாண பேண்டில் டிரம்பெட் ஊதி ஓய்வுபெற்ற ஒருவர் அந்த மாத்திரையைப் பற்றி நாலு வருஷமாகப் புகழ் பாடியவர். தன் தம்பிக்கும் சிபாரிசு செய்திருந்தார். அவருக்குக் கிடைத்தது வெற்று மாத்திரை. எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

“அப்போ நாலு வருஷமா நான் சொந்த முயற்சியிலதான் தூங்கியிருக்கேன்னு சொல்லுங்க,” என்றார். அவர் சிரித்த சிரிப்பில் இவள் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. தம்பிக்குத் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார்.

அந்த மாதமே வீட்டுக்காரரைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, சுரப்பி கொஞ்சம் பருத்திருக்கிறது, அதற்கென்றே இருக்கிற மருந்தை எழுதுகிறேன் என்றார் டாக்டர். எழுதுவதற்கு முன்னால் ஏழு கேள்வி கேட்க வேண்டுமென்று அவளைப் பார்த்தார். வீட்டுக்காரர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஆய்வுக்கான முதல் கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டார்கள். இந்த முறை வேறொரு மருந்து, வேறொரு கம்பெனி, அறுநூறு பேர். மேஜையைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்து மாத்திரையின் அளவைப் பற்றியும் நாட்களைப் பற்றியும் பேசினார்கள். அவள் கையைத் தூக்கி, விட்டுப் போகிறவர்களை யார் கூப்பிடுவது என்று கேட்டாள். பிற குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் யார் ஏற்றுவது என்று கேட்டாள். ஒவ்வொருவரிடமும் இரண்டு போன் நம்பரும், வீடு மாறினால் தகவல் சொல்லக்கூடிய ஒருவரின் நம்பரும் முதல் நாளே வாங்க வேண்டும் என்றாள். புள்ளிவிவரக்காரர் செருமிக்கொண்டே எல்லாவற்றையும் எழுதினார்.

புதிய கேள்வித்தாள் அச்சாகி வந்தபோது, குறிப்பு எழுத அரைப்பக்கம் விட்டிருந்தார்கள். அவள் காதில் போனை மாட்டிக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, முதல் நம்பரை அழுத்தினாள். அன்று காலை பதினொரு மணிக்குள் ஒன்பது பேரைப் பிடித்துவிட்டாள்.